படகுக்கு எதற்கு ஓட்டை?



ஒரு விடுகதையோடு ஆரம்பிக்கட்டுமா? தண்ணீரில் மிதக்க வேண்டிய ஒரு பொருள். அதைச் செய்கிறவரே அதில் ஓர் ஓட்டையும் போட்டுத்தான் விற்கிறார். வாங்குகிறவரும் "ஓட்டை சரியாக இருக்கிறதா?" என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கிறார். அது என்ன?

விடை: மோட்டார் படகு! சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

"திருப்பூரில் பனியன் உண்டு, நூல் உண்டு, சாயம் உண்டு. படகு எங்கே டீச்சர் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நொய்யலில் நாம் யாரும் படகு விடுவதில்லைதான். ஆனால் பள்ளிச் சுற்றுலா என்றதும் நீங்கள் எங்கே போகிறீர்கள்? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. போனதும் என்ன கேட்கிறீர்கள்? "டீச்சர், போட்டிங்! டீச்சர், போட்டிங்!" அப்படியானால் ஏறி உட்காரப் போகும் படகைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

முதலில் நம் ஊருக்கே வருவோம். தோட்டத்தில் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் ஓர் ஓட்டை இருக்கும். ஒரு கட்டையில் பழைய துணியைச் சுற்றி அந்த ஓட்டையில் இறுக்கி வைத்திருப்பார்கள். பாசி பிடித்தால் கட்டையை உருவுவார்கள். தண்ணீரெல்லாம் வெளியே போகும். தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி அடைப்பார்கள். ஓட்டை இல்லாத தொட்டியைக் கழுவுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்!

படகின் ஓட்டையும் இதே வேலைக்குத்தான். இதை நான் தெரிந்துகொண்ட இடம் தரங்கம்பாடி. டென்மார்க் நாட்டுக்காரர்கள் 1620ஆம் ஆண்டில் கட்டிய கோட்டை அங்கே கடற்கரையில் இருக்கிறது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியை அழைத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போயிருந்தேன். கோட்டையை ஐந்து நிமிடம் பார்த்த பேத்தி, மீதி நேரமெல்லாம் மணலில் நின்ற படகுகளையே சுற்றிச் சுற்றி வந்தாள். திடீரென்று, "அம்மிச்சி! இங்க வாங்க, இந்தப் படகு ஒழுகுது!" என்று கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். மீன் பிடித்துவிட்டு அப்போதுதான் கரையேறிய பைபர் படகு. அதன் பின்பக்கப் பலகையில், அடிமட்டத்தில், பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் குழாயில் வருவதுபோல மணலில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒழுகல பாப்பா, வடியவிட்டிருக்கோம். அலை அடிச்சு உள்ள வந்த தண்ணி, வலையில இருந்து சொட்டுன தண்ணி, ராத்திரி பேஞ்ச மழைத் தண்ணி, எல்லாம் அடியில போயி நிக்கும். ஒவ்வொரு நாளும் கோப்பையால மொண்டுகிட்டா இருக்க முடியும்? கரைக்கு வந்ததும் அடைப்பை எடுத்தா அதுவே போயிரும்."

"அப்படீன்னா திரும்பக் கடலுக்குப் போறப்ப?" என்றாள் பேத்தி.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு திருகு மூடியை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருந்தது. மூடி தொலைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். இன்ஜின் துடைக்க வைத்திருந்த துணிமூட்டையைக் காட்டினார். ஒரு மரக்கட்டையில் அந்தத் துணியைச் சுற்றி அடித்து இறக்கிவிட்டால் கரை வந்து சேரும்வரை தாங்குமாம். மூட்டையில் இருந்தது என்ன தெரியுமா? பனியன் கட்டிங் வேஸ்ட்! நம் ஊர்த் துணியாகக்கூட இருக்கலாம். எனக்கு ஒரே பெருமை!

பருத்தித் துணி இதற்கு ஏன் உதவுகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பருத்தி இழை தண்ணீரைக் குடித்தால் உப்பும். உப்பினால் சந்துகளை அடைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது, அதனால் அப்படி உப்பாது. மாட்டுத் தொட்டிக் கட்டையில் நம் பாட்டிமார் பழைய பருத்திச் சேலைத் துண்டைச் சுற்றியதும் இதனால்தான்.

சரி, அடைப்பை மாட்ட மறந்துவிட்டால்? உலகம் முழுவதும் சிறு மோட்டார் படகு வைத்திருப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இதுதான். படகைத் தண்ணீரில் தள்ளுவார்கள், குஷியாகக் கிளம்புவார்கள், அரைமணி கழித்துக் கால் நனையும்!

எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடலாமா? 1640களில் இத்தாலியில் டாரிசெல்லி என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். காற்றழுத்தமானி அமைத்தாரே, அவரேதான். ஓட்டை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத் தண்ணீரின் வேகம் கூடும் என்று அவர் கண்டு சொன்னார். 25 மில்லி மீட்டர் அகலமுள்ள ஓட்டை தண்ணீர் மட்டத்துக்கு 30 சென்டி மீட்டர் கீழே இருக்கும்போது, நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். 40 லிட்டர் என்றால் 40 கிலோ. உங்களில் ஏழாம் வகுப்புப் படிக்கிறவர் ஒருவரின் எடை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு பிள்ளை ஏறி உட்காருகிற மாதிரி! பத்து நிமிடத்தில் பத்துப் பேர்! எந்தச் சின்னப் படகு தாங்கும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டையின் அகலம் இரண்டு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்கு வராது, நான்கு மடங்கு வரும். வட்டத்தின் பரப்பளவுப் பாடம் படித்தவர்களுக்கு இது ஏன் என்று தெரியும். தெரியாதவர்கள் கணக்கு ஆசிரியரைக் கேளுங்கள்.

இதுவரை சொன்னது கரையில் திறந்து, தண்ணீரில் மூடிவைக்கும் ஓட்டை. இன்னொரு வகை ஓட்டையும் உண்டு. அது தண்ணீரில் போகும்போதும் திறந்தே இருக்கும்! அதைப் புரிந்துகொள்ள, நம் முன்னோர்களின் கட்டுமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமரத்தில் ஒன்றா இரண்டா, மரத்துக்கு மரம் சந்துதான். அலை மேலே ஏறி அடிக்கும். அடித்த வேகத்தில் சந்து வழியாகக் கீழே இறங்கிவிடும். இறைக்கிற வேலையே இல்லை. படகு மிதப்பது அதன் உள்ளே இருக்கும் காற்றால்; கட்டுமரம் மிதப்பதோ மரம் லேசாக இருப்பதால். அதனால் ஓட்டையைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயவைப்பார்கள். ஊறிய மரம் கனக்குமே! ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்கிறார்களே, அது நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தரங்கம்பாடி போன்ற ஊர்கள் படகுகளையும் கட்டுமரங்களையும் பறிகொடுத்தன. அதன் பிறகு உதவியாக வந்தவற்றில் பெரும்பாலும் பைபர் படகுகள். கட்டுமரம் இப்போது குறைந்துபோய்விட்டது.

கட்டுமரத்தின் இந்த யோசனையைச் சில மோட்டார் படகுகளிலும் வைத்திருக்கிறார்கள். படகின் தளத்தை வெளித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரும்படி உயர்த்தி அமைப்பார்கள். பின்பக்கம் கொஞ்சம் சரிவு இருக்கும். தளத்தின் மட்டத்தில், பின்பலகையில் இரண்டு ஓட்டைகள். மொட்டை மாடியில் மழைநீர் போக வைத்திருக்கும் ஓட்டை மாதிரியேதான். அலை தெறித்தாலும் மழை பெய்தாலும் தண்ணீர் தானாகவே வழிந்து போய்விடும்.

எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பயந்து நடுங்கித்தான் படித்தேன்.

1990களின் நடுவில் நடந்தது இது. நான் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. ஓர் அணைக்கட்டுக்குச் சுற்றுலா போனோம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஒரு சின்ன மோட்டார் படகில் பன்னிரண்டு பிள்ளைகளும் நானும் ஏறினோம். அந்தக் காலத்தில் மிதவைச் சட்டை தரவும் இல்லை, கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஏறுவதற்கு முன்னால் நான் ஓர் உத்தரவு போட்டேன்: "படகில் யாராவது வாயைத் திறந்தால், அடுத்த வருஷம் சுற்றுலாவே கிடையாது!"

இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் நுரைத்துப் பாய்வதைப் பார்க்கலாம். அதனால் பெரிய பையன்களெல்லாம் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அவர்களைக் கவனிக்க வேண்டுமே என்று நானும் பின்னால் போனேன். படகோட்டி முன்னால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தார். நடு அணைக்குப் போய்விட்டோம். ஒரு சத்தமும் இல்லை. நம் வகுப்பு எவ்வளவு ஒழுக்கமாக இருக்கிறது என்று நான் பூரித்துப் போயிருந்தேன்.

திடீரென்று ஒரு சிறுமி வீல் என்று கத்தினாள். அவள் காலுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு மிதந்து போய்க்கொண்டிருந்தது! குனிந்து பார்த்தேன். என் கணுக்கால்வரை தண்ணீர். பின்பலகையின் இரண்டு ஓட்டைகள் வழியாகவும் அது குமிழியிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது.

எழுந்து நிற்கப் போனேன். "டீச்சர், உக்காருங்க! யாரும் எந்திரிக்காதீங்க!" என்று படகோட்டி ஓர் அதட்டல் போட்டார். இன்ஜினைச் சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "கடைசியில இருக்கற தம்பிங்க ரெண்டு பேரு மட்டும் உக்காந்தவாக்கில நகர்ந்து முன்னால வாங்க. ஆங். இப்ப அடுத்த ரெண்டு பேரு. அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர்." கடைசியாக என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்களும் கொஞ்சம் முன்னால வந்தீங்கன்னா நல்லது." பிள்ளைகள் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார்கள்!

நாங்கள் நகர நகர, படகின் பின்பக்கம் மெல்ல மேலே வந்தது. ஓட்டைகளில் குமிழி நின்றது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்த வழியாகவே வெளியே போக ஆரம்பித்தது. மிச்சத்தை அவர் ஒரு வெட்டிய பிளாஸ்டிக் கேனால் அள்ளி ஊற்றினார். கரை வந்து சேர்ந்தோம்.

மிதந்த செருப்பு யாருடையது? கடைசி இருக்கையில் இருந்த ஒரு பையனுடையது. பத்து நிமிடத்துக்கு முன்பே தண்ணீர் வருவதை அவன் பார்த்துவிட்டான். காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்திருக்கிறான். "ஏண்டா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கதானே டீச்சர் வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க?" என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று அவனுக்கே உங்கள் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தச் சுற்றுலாவிலும் அப்படி ஓர் உத்தரவு போட்டதில்லை. "தண்ணீரைக் கண்டால் கத்துங்கள்" என்றுதான் சொல்லி ஏற்றினேன். ஒரு சுற்றுலாவில் மழைத்துளிக்கெல்லாம் கத்தினார்கள். அது வேறு கதை!

என்ன நடந்தது என்று இப்போது பார்ப்போம். தண்ணீர் எப்போதும் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்குத்தான் பாயும். தளம் வெளித் தண்ணீரைவிட உயரமாக இருக்கும்வரை ஓட்டை வழியாக உள்தண்ணீர் வெளியே போகும். இன்ஜினே பின்னால் கனமாக இருக்கிறது. அதோடு நாங்களும் பின்னால் குவிந்ததும் பின்பக்கம் அமுங்கியது. தளம் வெளித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போனது. அதே ஓட்டை, அதே படகு. தண்ணீர் மட்டும் திசை மாறிவிட்டது!

இதில் மோசமான விஷயம், உள்ளே வந்த தண்ணீருக்கும் எடை உண்டு. ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள தளத்தில் ஐந்து சென்டி மீட்டர் தண்ணீர் நின்றால் 75 லிட்டர். அதாவது 75 கிலோ. (அப்போது நான் அவ்வளவு எடை இல்லை என்பதைப் படகோட்டிக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்!) அந்த எடை படகை இன்னும் அமுக்கும். அமுங்கினால் இன்னும் வேகமாகத் தண்ணீர் வரும். அதனால்தான் அந்தப் பையன் பேசாமலிருந்த பத்து நிமிடம் அவ்வளவு பெரிது.

படகோட்டி ஏன் இன்ஜினைச் சட்டென்று நிறுத்தவில்லை? ஓடும் படகு தனக்குப் பின்னால் ஓர் அலையை இழுத்துக்கொண்டே வரும். படகு திடீரென்று நின்றால் அந்த அலை நிற்காது. ஓடிவந்து பின்பலகையில் ஏறும். ஏன் யாரையும் எழுந்து நிற்கவிடவில்லை? ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கி நடந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் முழுவதும் ஒரே பக்கம் ஓடும். அந்தப் பக்கம் இன்னும் சாயும். தளத்தில் தண்ணீர் நிற்கிற படகும் அப்படித்தான். நாலு பேர் எழுந்து ஒரு பக்கம் ஓடினால் கவிழ்ந்துவிடும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுகிய பக்கத்தில், அடியிலிருந்து இரண்டு சென்டி மீட்டர் உயரத்தில், பெரியவர்கள் உதவியோடு பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டையின் உயரம்வரை தெர்மோகோலை வெட்டி அடியில் வைத்து, ஓரங்களை மெழுகுவர்த்தி மெழுகால் அடைத்துவிடுங்கள். அதுதான் படகின் தளம். இப்போது வாளித் தண்ணீரில் டப்பாவை மிதக்கவிட்டு, தளத்தின்மேல் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். ஓட்டை வழியாக வெளியே போய்விடும். அடுத்து, ஓட்டை இருக்கும் பக்கத்தில் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வையுங்கள். எத்தனையாவது கல்லில் தண்ணீர் உள்ளே வருகிறது? வர ஆரம்பித்ததும் கல்லை எடுக்காமல், எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். என்ன நடக்கிறது என்று நீங்களே பாருங்கள். எல்லாக் கற்களையும் வைத்துவிட்டு எங்கே நகர்த்தினாலும் தண்ணீர் நிற்காத ஒரு நேரமும் வரும். அதுதான் அளவுக்கு மீறிய சுமை.

"பேசாமல் அந்த ஓட்டையை நிரந்தரமாக அடைத்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். அமைதியான ஏரியில் நிற்கும்போது தக்கையால் அடைத்து வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் கடலில் ஒரு பெரிய அலை உள்ளே விழுந்துவிட்டால்? போக வழியில்லாமல் அத்தனையும் தளத்திலேயே நிற்கும், தாம்பாளத் தண்ணீர்போல. உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் வேண்டும். இதற்கு ஒருவழிக் கதவு வைப்பதுதான் வழி.

ஒருவழிக் கதவு உங்களுக்குத் தெரிந்ததுதான். கிணற்று மோட்டார்க் குழாயின் அடியில் 'ஃபுட் வால்வு' இருக்குமே, தண்ணீரை மேலே விடும், கீழே இறங்கவிடாது. நம் இதயத்திலும் அப்படிப்பட்ட வால்வுகள் இருக்கின்றன. படகில் ஓட்டைக்கு வெளியே ஒரு ரப்பர் மடலைத் தொங்கவிடுவார்கள். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் மடல் திறக்கும். வெளியிலிருந்து தள்ளினால் ஓட்டையோடு ஒட்டிக்கொண்டு மூடும். சில படகுகளில் குழாய்க்குள் ஒரு பந்து இருக்கும். வெளித் தண்ணீர் ஏறினால் பந்து மிதந்து வந்து வாயை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் மடலின் இடுக்கில் ஒரு வலை நூல், ஒரு மீன் செதில், ஓர் இலை சிக்கினால் போதும், முழுதாக மூடாது. சாயப்பட்டறையில் பஞ்சுத் தூசு போய் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்று உங்கள் அப்பாவோ மாமாவோ சொல்லியிருப்பார்கள். அதே தொல்லைதான். ரப்பரும் வெயிலில் காய்ந்து விறைத்துப்போகும். ஆகவே படகுக்காரர்கள் அதை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும், பழையதை மாற்ற வேண்டும்.

தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டென்மார்க்கில் பிற்காலத்தில் பால் எல்வ்ஸ்ட்ரோம் என்று ஒரு பாய்மரப் படகு வீரர் இருந்தார். 1948, 1952, 1956, 1960 என்று அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர்! போட்டியின் நடுவே உட்கார்ந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தால் ஜெயிக்க முடியுமா? படகின் அடியில் பொருத்தும் ஒரு கருவிக்கு அவர் பெயர் இருக்கிறது. அதைத் திறந்தால் ஆப்பு வடிவத்தில் ஒரு வாய் கீழே இறங்கும். படகு வேகமாகப் போகும்போது அந்த வாயைத் தாண்டிப் பாயும் தண்ணீர், உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும். ஒரு காகிதத் துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்து அதன்மேல் ஊதுங்கள். காகிதம் மேலே எழும்புகிறதா? பாயும்போது ஓரிடத்தில் அழுத்தம் குறைவதால் வரும் வித்தை இது. ஆனால் இதற்கும் அதே சூட்சுமம் உண்டு: படகு நின்றுவிட்டால் அதே வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும்! நிற்பதற்கு முன் மூடிவிட வேண்டும்.

ஓட்டை என்றால் எனக்கு இன்னொரு படமும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் டிக் ஃபிஷர் என்பவர் 'பாஸ்டன் வேலர்' என்ற சிறு மோட்டார் படகைச் செய்து விற்றார். உள்ளும் புறமும் பைபர் ஓடு. இரண்டுக்கும் நடுவில் தெர்மோகோல் மாதிரி கெட்டி நுரை. மூழ்கவே மூழ்காது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 1961இல் 'லைஃப்' பத்திரிகையில் சில புகைப்படங்கள் வெளிவந்தன. ஃபிஷர் தண்ணீரில் மிதக்கும் படகில் உட்கார்ந்திருக்கிறார். படகை ரம்பத்தால் குறுக்கே இரண்டாக அறுக்கிறார்கள். அறுத்து முடித்ததும், இன்ஜின் இருக்கும் பின்பாதியில் உட்கார்ந்துகொண்டு அவர் ஓட்டிப் போகிறார்! பாதிப் படகே ஓட்டை, ஆனாலும் மிதக்கிறது. நம் கட்டுமரத்தின் தத்துவமும் இதுதானே? இப்போது பல பைபர் படகுகளில் இப்படி நுரை அடைத்த அறைகள் வைக்கிறார்கள்.

இருந்தாலும், மிதக்கிற படகு கவிழாத படகு என்று நினைத்துவிடாதீர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூர் என்ற ஊரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதனால் டீச்சர் அவசரப்படுத்தினாலும், படகுக்காரர் "இன்னும் ரெண்டு பேர் ஏறிக்கலாம்" என்றாலும், மிதவைச் சட்டை போட்டுக் கட்டிக்கொள்ளாமல் ஏறாதீர்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் எண்ணிப் பாருங்கள். ஏறியதும் பின்னால் திரும்பி அந்த ஓட்டைகளைத் தேடுங்கள். அவை வெளித் தண்ணீருக்கு மேலே தெரிகின்றனவா? "அடைப்பு மாட்டியாச்சா அண்ணா?" என்று கேளுங்கள். நல்ல படகோட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

தரங்கம்பாடிக் கதையை முடிக்கவில்லையே! மறுநாள் விடியற்காலை பேத்தி என்னை எழுப்பிக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதே பெரியவர், அதே படகு. நான்கு பேர் சேர்ந்து படகைத் தண்ணீர் ஓரம்வரை தள்ளினார்கள். முன்பக்கம், அதாவது அணியத்தில் நின்றவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "அடைச்சாச்சா?"

பெரியவர் குனிந்து, இருட்டில் கையால் தடவி, மூடியை இன்னொரு திருகு திருகினார்.

"அடைச்சாச்சு."

அப்புறம்தான் தள்ளினார்கள். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர்கள், தினமும் இப்படிக் கேட்டுக்கொள்வார்களாம். அன்று ஊர் திரும்பியதும் பேத்தி நேராக மாட்டுத் தொட்டிக்குப் போனாள். கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடைச்சாச்சு அம்மிச்சி!" என்று அங்கிருந்தே கத்தினாள்.